‘சந்தேகப் பிராணி’, ‘கல்நெஞ்சுக்காரி’ என்று பெயர் வைக்கும் முன்…

இரவு ஒன்பது மணிக்கு மேல் வானொலிக்கு வரும் குரல் பதிவுகள் தனி ரகம். பாட்டு கேட்பது போலத்தான் தொடங்கும். “அக்கா, இந்தப் பாட்ட என் வீட்டுக்காரருக்காகப் போடுங்க” என்பார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, “அவரு கேப்பாரான்னு தெரியல. மூனு நாளா பேச்சு இல்ல” என்று வரும். சிலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். சிலர் பத்து நிமிடம் பேசுவார்கள்.

அறிவிப்பாளராக இத்தனை ஆண்டுகள் இந்த மனைவிமார்களைக் கேட்டுக் கேட்டு, எனக்கு இரண்டு வகைக் குரல்கள் பழகிவிட்டன. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, வகைக்கு ஒருவரை இங்கே சொல்கிறேன்.

முதலாமவர் நீலாய் பக்கம் இருக்கிறார். கணவர் லோரி ஓட்டுநர். புலனத்தில் இவர் அனுப்பிய செய்தியைக் கணவர் படித்துவிட்டதற்கான நீலக் குறி விழும், பதில் வராது. பத்து நிமிடம் போனால் இவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிடும். அழைப்பார். மறுபடி அழைப்பார். ஒரு நாள் பதினேழு முறை அழைத்திருக்கிறார். வீட்டுக்கு வரும் கணவர் கண்ணில் படுவது இவருடைய கோபம் மட்டும்தான். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் இவர் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. “சந்தேகப் பிராணி” என்று பெயர் வைத்துவிட்டார். “அவரு தப்பு பண்ற ஆள் இல்லக்கா. அது எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல அது மனசுக்கு எட்ட மாட்டேங்குது” என்றார் அந்தப் பெண்.

இரண்டாமவர் பஹாவ் பக்கம். அரசாங்க வேலை. ஒரு நாள் இரவு கடுமையான காய்ச்சல். பக்கத்து அறையில் கணவர் தூங்கிக்கொண்டிருக்க, இவரே காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் படுக்கையில் சேர்ந்துவிட்டார். கணவருக்கு மறுநாள் காலையில்தான் செய்தி போனது. “அப்ப நான் எதுக்கு இருக்கேன்?” என்று அவர் கேட்டிருக்கிறார். “அவரு ஏன் கோபப்பட்டாருன்னு எனக்கு உண்மையிலேயே புரியலக்கா” என்றார் இவர். மாமியார் வைத்த பெயர் ‘கல்நெஞ்சுக்காரி’.

இருவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் கையை நீட்டவே மாட்டேன் என்கிறார். நாம் இதைக் ‘குணம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மனோவியல் வேறு மாதிரி பார்க்கிறது. “எனக்கு ஒன்று என்றால் நீ வருவாயா?” என்ற ஒரே கேள்விக்கு, இரண்டு பேரும் சின்ன வயதில் கற்றுக்கொண்ட இரண்டு பதில்கள் இவை.

ஆயா போனதற்கு அழுத சிறுவன்

இந்தக் கேள்வியை மனோவியலுக்குள் கொண்டுவந்தவர் ஜோன் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி அம்மாவைப் பார்ப்பதே மாலையில் ஒரு மணி நேரம்தான். அவரை வளர்த்தது ஓர் ஆயா. அவருக்கு நான்கு வயது ஆகும் நேரத்தில் அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். அது தாயை இழந்ததற்குச் சமமான துயரம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. குழந்தைக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது. பயம் வரும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள, மாறாத ஓர் ஆள் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஒட்டுதலுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘பிணைப்பு’ என்று சொல்லலாம்.

அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வர்த், 1954இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் மாதக்கணக்கில் கவனித்தார். பிறகு அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். அம்மா போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்தபோது என்ன செய்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

பெரும்பாலான குழந்தைகள் அழுதன. அம்மா தூக்கியதும் தேறி விளையாடப் போயின. சில குழந்தைகள் அம்மா தூக்கிய பிறகும் அடித்து, உதறி, இறங்கவும் மறுத்தன. சில குழந்தைகள் அம்மா வந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை, பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘சமர்த்துப் பிள்ளை’ என்று நாம் கொஞ்சும் ரகம். பின்னாளில் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்த அந்தப் பிள்ளைகளுக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

பஹாவ் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குள் வரும் பழைய பாடம்

இது குழந்தைகளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை 1987இல் சிண்டி ஹாசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற ஒரு நாளிதழைத்தான். டென்வர் நகரப் பத்திரிகை ஒன்றில் ‘காதல் வினாப்பட்டியல்’ வெளியிட்டார்கள். வந்த பதில்களில் 620ஐ எடுத்துப் பார்த்தபோது, 56 விழுக்காட்டினர் துணையை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள். 25 விழுக்காட்டினர் நெருக்கம் வந்தால் ஒதுங்குபவர்கள். 19 விழுக்காட்டினர் விட்டுப் போய்விடுவார்களோ என்று பதறுபவர்கள். பத்திரிகைக்குத் தாங்களாகவே பதில் எழுதிப் போட்டவர்களின் கணக்கு இது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் குழந்தைகளிடம் கண்ட அந்த மூன்று வகையும் பெரியவர்களிடமும் இருந்தன.

இப்போது ஆய்வாளர்கள் ஆளை வகை பிரிப்பதைவிட இரண்டு அளவுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று பதற்றம்: “என்னை விட்டுவிடுவாரோ?” இன்னொன்று விலகல்: “யாரையும் நம்பி நிற்கக் கூடாது.” இரண்டும் குறைவாக இருப்பவர் நிம்மதியானவர். இரண்டும் அதிகமாக இருப்பவருக்குப் பாடு அதிகம். அருகே வா என்று அழைப்பதும் அவரே, வந்தால் தள்ளுவதும் அவரே.

திருமணமான பெண்களிடம் இந்த இரண்டும் தனியாக வருவதில்லை. பதற்றம் அதிகமுள்ளவர்களிடம் தன்னைப் பற்றிய தாழ்ந்த மதிப்பு, நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது, மனச்சோர்வு ஆகியவை கூடவே காணப்படுகின்றன. விலகல் அதிகமுள்ளவர்கள் உதவி கேட்பதில்லை. மனத்தில் உள்ளதைச் சொல்வதில்லை. சண்டை வந்தால் இடத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். தாம்பத்திய நிறைவு இரு தரப்பிலும் குறைகிறது.

குழந்தை பிறக்கும் காலம் மிகவும் உரசலான காலம். பதற்றம் கூடுதலாக உள்ள ஒரு பெண், கர்ப்பமாக இருக்கும்போது ‘கணவர் எனக்குத் துணையாக இல்லை’ என்று உணர்ந்தால், பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. துணை இருக்கிறது என்று உணர்ந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைகிறது. நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள். தனியார் துறையில் அப்பாவுக்கு 7 நாள். அந்த ஏழு நாளைக் கணவர் எங்கே, எப்படிக் கழிக்கிறார் என்பது மனைவியின் மனத்தில் பல வருடம் நிற்கும்.

தூளியில் வளர்ந்த தலைமுறை

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நான் பிறந்தது ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். தோளில் தூங்கும் பிள்ளையை இருட்டிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் காட்டுக்குப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். மரம் வெட்ட உடம்பு ஒத்துழைக்காத வயதில் ஒரு பாட்டி, ஒரு தூளியைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டிருப்பார். போர்ட்டிக்சன், லிங்கி, சிலியாவ், லாபு, ஜெம்போல் என்று இந்த மாநிலத்தில் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைப் பராமரிப்பு இடத்துக்கு விதிகள் உண்டு.

இதைக் கேட்டதும் சிலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வருவார்கள்: “அம்மா பக்கத்தில் இல்லை. அதனால்தான் தோட்டத்துப் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை.” இது தவறு. குழந்தை ஒருவரோடு மட்டும்தான் பிணைய முடியும் என்பதில்லை. எய்ன்ஸ்வர்த் உகாண்டாவில் பார்த்த குழந்தைகளும் அம்மாவோடு, பாட்டியோடு, வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து வளர்ந்தவர்கள்தான். அழுதால் யாராவது வருவார், வருகிறவர் தெரிந்த முகம், நேற்று வந்தவரே இன்றும் வருவார் என்பது உறுதியாக இருந்தால் பிள்ளைக்குப் போதும். நல்ல ஆயா இருந்த கொட்டகை அதைக் கொடுத்தது.

வேலைக்குப் போன அம்மா மதியம் திரும்பி வந்தார். வடு விட்டது, திரும்பி வராத பிரிவுகள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைப் பிடித்துப் போனபோது, லயத்தில் நின்றவர்கள் மனைவிகளும் பிள்ளைகளும். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பிறகு தோட்டம் விற்பனை, துண்டாடல், ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாற்றம். இவற்றோடு வீட்டுக்கு வீடு தனிக் கதைகள்: குடியில் போன அப்பா, படிப்புக்காகச் சித்தி வீட்டில் விடப்பட்ட மகள், மூத்த பெண் என்பதால் ஒன்பது வயதிலேயே தம்பி தங்கைக்கு அம்மா ஆனவள்.

அந்த ஒன்பது வயதுக்காரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அவள் அழுதால் தூக்க ஆள் இல்லை. அழாமல் இருந்தால் “பொறுப்பான புள்ள” என்ற பாராட்டு உண்டு. அவள் என்ன கற்றுக்கொள்வாள்? முப்பது வருடம் கழித்து, காய்ச்சலோடு தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவாள்.

பத்துக் கதவு இருந்த இடத்தில் ஒரு கதவு

இந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்று உண்டு. நம் பாட்டிமார்கள் கணவனை மட்டும் நம்பி வாழவில்லை. லயத்தில் பத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. புருஷன் கள்ளுக்கடையில் இருந்தால் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். பிரசவம் என்றால் எதிர்வீட்டு அத்தை வந்தார். தண்ணீர்க் குழாயடியில் அழுதால் நான்கு பேர் கேட்டார்கள். வம்பும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது, அடி வாங்கியவளை ‘பொறுத்துப் போ’ என்று சொன்ன வாய்களும் இருந்தன. அதை அழகுபடுத்த வேண்டாம். ஆனால் “எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்?” என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் இருந்தது.

இன்று அந்தத் தலைமுறையின் பேத்திகள் சிரம்பான் 2இலும் நீலாயிலும், ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் எழும்பிய தாமான்களில் இருக்கிறார்கள். கல்வி உண்டு, சம்பளம் உண்டு, இரும்புக் கேட்டும் உண்டு. கொமியூட்டர் பிடித்துக் கோலாலம்பூர் போய்த் திரும்பும் கணவர் இரவு எட்டரைக்குத்தான் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. பத்துக் கதவு தாங்கிய பாரத்தை இப்போது ஒரே ஒரு மனிதர் தாங்க வேண்டியிருக்கிறது. அவர் பதில் அனுப்பப் பத்து நிமிடம் தாமதித்தால், அந்தப் பெண்ணுக்கு மூடுவது இருக்கிற ஒரே கதவு.

இதைப் புரிந்துகொண்டால் ‘சந்தேகப் பிராணி’ என்ற சொல் வாயில் வராது.

கையைப் பிடித்தால் என்ன ஆகும்?

துணை பக்கத்தில் இருப்பது வெறும் மன ஆறுதல் என்று நினைப்பவர்களுக்காக இது. 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 16 திருமணமான பெண்கள். மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, ‘இப்போது மின் அதிர்ச்சி வரலாம்’ என்ற எச்சரிக்கை காட்டப்பட்டது. ஒரு முறை கணவர் கையைப் பிடித்திருந்தார். ஒரு முறை முன்பின் தெரியாத ஓர் ஆண். ஒரு முறை யாருமில்லை.

தனியாக இருந்தபோது ஆபத்தைக் கண்டு மூளை பெரும் பரபரப்பைக் காட்டியது. தெரியாதவர் கையைப் பிடித்தபோது அது கொஞ்சம் குறைந்தது. கணவர் பிடித்தபோது நன்றாகக் குறைந்தது. எல்லோரும் மகிழ்ச்சியான தம்பதிகள் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களிலும் தாம்பத்திய நிறைவு அதிகம் என்று சொன்ன பெண்களுக்கே அமைதி அதிகம் கிடைத்தது. பிடித்தது யார் கை என்பதும், அந்தக் கையோடு உறவு எப்படி என்பதும் மூளைக்குத் தெரிந்திருந்தது.

துரத்தலும் ஓட்டமும்

வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரு சுற்று. ஒருவர் துரத்துகிறார்: கேட்கிறார், குத்துகிறார், அழுகிறார். மற்றவர் ஓடுகிறார்: கைப்பேசிக்குள், நண்பர்களிடம், மௌனத்துக்குள். ஓடஓடத் துரத்தல் கூடும். துரத்தத்துரத்த ஓட்டம் கூடும். நம் வீடுகளில் மனைவி துரத்த, கணவர் ஓடுவதைத்தான் அதிகம் கேட்கிறேன். ஆனால் பஹாவ் வீட்டில் ஓடுகிறவர் மனைவி. “ஆம்பளைனா அழக் கூடாது” என்று வளர்க்கப்பட்ட பையனும் விலகலை நன்றாகக் கற்றுக்கொண்டவன்தான். அதனால் மனைவியை மட்டும் ‘சரிசெய்ய’ அனுப்புவது பாதி வைத்தியம்.

கனடாவில் சூ ஜோன்சன் என்ற மனோவியலாளர் 1980களில் மற்றொருவரோடு சேர்ந்து உருவாக்கிய தம்பதியர் ஆலோசனை முறை இந்தச் சுற்றைத்தான் குறிவைக்கிறது. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல், கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பது அதன் வழி. “எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்பதன் அடியில் இருப்பது “பயந்துட்டேன்” என்ற ஒரு சொல்.

ஓர் எச்சரிக்கை

இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு மனைவியைத் திட்டுவதற்குப் புதுப் பெயர் கண்டுபிடித்துவிடாதீர்கள். கணவர் உண்மையிலேயே பொய் சொல்லும் வீட்டில் மனைவியின் பதற்றம் நோயாகாது. அவர் கண் சரியாக வேலை செய்கிறது. அடி, மிரட்டல், பணத்தைப் பூட்டி வைப்பது இருக்கும் இடத்தில் ‘பிணைப்பு’ பற்றிப் பேசும் முன் பாதுகாப்பு வேண்டும். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

மாற முடியுமா?

முடியும். சின்ன வயதில் கற்ற பாடம் அழியாத மை அல்ல. மேரி மெயின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1980களில் பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி நீண்ட நேர்காணல் நடத்தினார்கள். கஷ்டப்பட்டு வளர்ந்தும், அதை மறைக்காமல், அதிலேயே மூழ்காமல், தெளிவாகச் சொல்ல முடிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை ‘உழைத்துச் சம்பாதித்த நிம்மதி’ உடையவர்கள் என்று ஆய்வுலகம் சொல்கிறது. ஒரு நல்ல துணை, ஒரு ஆசிரியை, ஒரு ஆலோசகர் இப்படி யாராவது இடையில் வந்திருப்பார்.

இந்த வாரமே தொடங்கக்கூடியவை சில:

பதறுகிறவர், முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் இடையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். பயத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் வந்ததும் குற்றச்சாட்டைத் தள்ளிவைத்து, எழுதியதைச் சொல்லுங்கள்.

விலகுகிறவர், வாரத்தில் ஒரு சின்ன உதவியாவது கேளுங்கள். தலைவலிக்கு மாத்திரை எடுத்துத் தரச் சொல்வதில் தொடங்கலாம்.

கணவர்மார்களே, வேலை நேரத்தில் பேச முடியாதுதான். “ஓட்டிக்கிட்டு இருக்கேன், ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்” என்று அனுப்பப் பத்து வினாடி போதும். ஏழு மணிக்கு மறக்காமல் கூப்பிடுவதுதான் முக்கியம். சொன்ன நேரத்தில் வருவது பத்து முறை நடந்தால் பதினோராவது முறை அவர் அவ்வளவு பதற மாட்டார்.

இருவரும், அவரவர் வளர்ந்த கதையை ஒரு முறை மற்றவருக்கு முழுதாகச் சொல்லுங்கள். யார் தூக்கினார், யார் விட்டுப் போனார், யாரிடம் அழ முடிந்தது என்று. பல தம்பதிகள் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் இதைப் பேசியதில்லை.

பெண்களுக்கு இன்னொன்று: கணவர் தவிர இன்னும் இரண்டு கதவுகளையாவது திறந்து வையுங்கள். அக்காவாக இருக்கலாம், பழைய தோட்டத்துத் தோழியாக இருக்கலாம், ஆலய மகளிர் குழுவாக இருக்கலாம்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அழுகை நிற்காமல் இருந்தால் சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள். சுகாதார அமைச்சின் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 ஆகிய எண்களிலும் பேசலாம்.

நீலாய்ப் பெண் சில மாதங்களுக்கு முன் மறுபடி குரல் பதிவு அனுப்பியிருந்தார். கணவரிடம் முதல்முறையாகத் தன் அப்பா போன நாளைப் பற்றிச் சொன்னாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் அப்பாவின் சட்டைகள் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கணவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல” என்றாராம். இப்போது லோரியை நிறுத்தும் ஒவ்வொரு ஓய்விடத்திலும் அவரே அழைக்கிறார். “இன்னும் பயம் வருதுக்கா. ஆனா இப்ப அவருக்குத் தெரியும், அது பயம்னு” என்று முடித்திருந்தார். பாட்டு எதுவும் கேட்கவில்லை.